கொரோனா போன பிறகு வந்த காய்ச்சல்

மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு அசெம்பிளி லைனில் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். பாதி மாதம் வீட்டில் இருக்கமாட்டார். சொந்தம் எல்லாம் திருநெல்வேலிப் பக்கம்.

எனக்குக் கொரோனா வந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு அப்போது லேசான சளி, அவ்வளவுதான். நான் மறுபடி ஷிப்டுக்குப் போன பிறகும், குழாயடியில் நான் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். முகத்தைப் பார்த்து யாராவது பேசினால் போதும் என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தால் இறங்கும். சற்று நேரத்தில் ஏறிவிடும். "வயிறு வலிக்கும்மா" என்று சுருண்டு படுத்தாள். வாந்தியும் எடுத்தாள். பக்கத்து கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் சிவப்புத் தடிப்பு.

வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "இன்னாமா, கொயந்தைக்குக் கண்ணு இப்டி செவந்து கீது? இன்னும் வூட்லயே வச்சிகினு இருக்கியே, கெளம்பு!" அவரே ஆட்டோவை வரவழைத்தார். கூட வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அவள் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இவ்ளோ இருக்கு, கால் ஜில்லுனு இருக்கே. வீட்ல யாருக்காவது சமீபத்துல கொரோனா வந்துச்சா?"

சொல்லத் தயங்கினேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஆட்கள் விலகிப் போவதைப் பார்த்தே பழகியிருந்தேன். "எனக்கு வந்துச்சு மேடம். ஒரு மாசமாச்சு."

அவர் விலகவில்லை. நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். "உங்ககிட்டேர்ந்து குழந்தைக்கும் அப்பவே தொத்தியிருக்கும். இப்ப கிருமி போயிருக்கும்மா. அதோட சண்டை போட்ட உடம்புதான் இன்னும் அடங்காம இருக்குனு நினைக்கிறேன். இது இதயத்தையும் பாதிக்கும். ஆனா சரி பண்ணலாம். உடனே சென்னைக்குப் போகணும்."

ஆம்புலன்ஸில் ஏறியதும் கணவரை அழைத்தேன். "நாக்பூர் தாண்டிட்டேன் புள்ள. லோடை இறக்காம வர முடியாதே" என்றார்.

சென்னையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயம் ரத்தத்தை அனுப்பும் திறன் குறைந்திருக்கிறது என்றார்கள். ஐசியூவில் சேர்த்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கூடவே ஒரு பாட்டில் மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினார்கள். பல பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது என்று நர்ஸ் சொன்னார். அவ்வளவு பெரிய ஊரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. "தோசை வேணும்" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கணவர் வந்து சேர்ந்தபோது அவளை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வீடு திரும்பிய பிறகும் மாத்திரை கொடுத்தோம், சொன்ன நாட்களில் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனோம். இதயம் பழையபடி ஆகிவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள்.

நடந்ததையெல்லாம் கணவர் விவரமாகக் கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த நாட்களில் தனியாக எப்படி இருந்தேன் என்பதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்ல முடியவில்லை.