வரிசையில் என் முறை

காலை ஆறு இருபதுக்கு, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நோர்வூட்டில் அண்ணன் வீட்டு வாசலில் ஈரச் செருப்புகளைத்தான் முதலில் பார்த்தேன். அண்ணன் இப்போது பிரதேச சபை உறுப்பினர். சிபாரிசுக் கடிதம் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

அப்பா மாகாண சபையில் இருந்த காலத்திலும் இப்படித்தான். விடியும்போதே வீடெங்கும் நனைந்த கம்பளி வாடை அடிக்கும். அவரைத் தனியாகப் பிடிக்கவே முடியாது. நான்காம் வகுப்பில் முதலாவதாக வந்ததை அவரிடம் காட்ட, ரிப்போட்டோடு நானும் வரிசையில் நின்றேன்.

"எந்தத் தோட்டம்மா?" என்றார் அப்பா, நிமிராமல்.

"ஐயா, இது உங்க பாப்பாங்க!" என்று எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற தோட்டத்து அக்கா ஒருவர் சிரித்தார். "லயத்து வீட்டுக்குக் கூரைத் தகரம் கேட்டா வந்திருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும். புள்ளிகளைப் பார்க்காமலே பெற்றோர் கையொப்பம் இடும் இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்கீழ் மாகாண சபை உறுப்பினர் முத்திரையையும் குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.