தெசலோனிக்கிக்கு ஒரு டிக்கெட்

மின்னஞ்சல் குழு நண்பர்களே, டிக்கெட் எடுத்துவிட்டேன். கிரேக்கத் துறைமுக நகரமான தெசலோனிக்கிக்கு!

இன்று டோர்வலில் வேலை முடிந்ததும் நேரே நகரின் வடக்குப் பகுதியான மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். அங்கே பயண முகவர் நம்மவர்தான். என் புதிய கனடியப் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"அங்கை ஆற்றை வீட்டிலை தங்கப் போறியள், அண்ணை?"

"ஹோட்டலிலை."

"கலியாணம், சாமத்தியவீடு எண்டு விசேஷம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. கடற்கரையிலை பழைய வெள்ளைக் கோபுரம் ஒண்டு நிக்குது. அதிலை ஏறப் போறன்."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நான் இன்னும் ஆருக்கும் டிக்கெட் போடேல்லை. லண்டனிலை இறங்கி உங்கடை மச்சானைப் பாத்திட்டு வாங்கோவன்."

"தெசலோனிக்கிக்குப் போடுங்கோ," என்றேன்.

கனடாவுக்கு வருமுன் நான் சரக்குக் கப்பலில் வேலை செய்தவன். அந்த ஊருக்கு எதிரே பதினொரு நாள் நங்கூரமிட்டு நின்றோம். என் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்ததால் கரையில் இறங்க விடவில்லை. துருவைச் சுரண்டிக்கொண்டே, கோபுர உச்சியில் புள்ளிகளாகத் தெரிந்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கையும் காட்டினேன். யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தமுறை உச்சியில் நிற்கப்போவது நான். எதிரே எந்தக் கப்பல் நின்றாலும் கை காட்டிவிட்டுத்தான் இறங்குவேன்.

முகவர் டிக்கெட்டைத் தரும்போதும் விடவில்லை. "எதுக்கும் அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ எண்டு விசாரிக்கிறன், அண்ணை."

கோபுரத்தில் எத்தனை படிகள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். முழங்காலைப் பழக்க வேண்டும். அந்த ஊரில் சொந்தக்காரர் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.