மூலக்குறியின் மேல்கோடு

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை ஆறே முக்கால். விளாங்குடியில் வானம் மூடிக் கிடந்தது. மழையில்லை, புழுக்கம் மட்டும். பக்கத்து வீட்டுப் பெண் சுவரைத் தடவியபடி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் வேலை. தபால்வழிப் பட்டப்படிப்பில் கணிதத் தாளில் மட்டும் இருமுறை தவறிவிட்டாள். அது தேறினால்தான் பதவி உயர்வு. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் பாடத்தை வாசிப்பேன். அவள் போனில் பதிந்துகொள்வாள்.

"பெரியப்பா, எக்ஸ் பதினாறுன்னா விடை பதிமூணுதானே வரும்? நீங்க அஞ்சுன்னு வாசிச்சிருக்கீக."

புத்தகத்தைப் பார்த்தேன். வர்க்கமூலக் குறியின் மேல்கோடு எக்ஸையும் ஒன்பதையும் சேர்த்து மூடியிருந்தது. இருபத்தைந்தின் மூலம், ஐந்து. நான் வாசித்ததோ, "ரூட் எக்ஸ் பிளஸ் ஒன்பது." அவள் பதினாறுக்கு மட்டும் மூலம் எடுத்து, ஒன்பதைக் கூட்டியிருக்கிறாள்.

"கோடு எங்க முடியுதுன்னு ஒங்களுக்குத் தெரியுது. எனக்கு?"

முப்பத்தொன்பது கணக்குகளை அப்படித்தான் வாசித்திருந்தேன்.

"ரூட்டையே விட்ருங்க. அடுக்கா மாத்துங்க. அடைப்பு ஆரம்பம், எக்ஸ் பிளஸ் ஒன்பது, அடைப்பு முடிவு, அடுக்கு அரை. அம்புட்டும் காதுக்கு வந்துரும்."

"கனமூலம் வந்தா, தாயி?"

"அடுக்கு மூணுல ஒண்ணு. உள்ள வர்க்கம் இருந்தா மூணுல ரெண்டு. ஒங்கள எப்படித்தான் கணக்குப் பிரிவுல வச்சிருந்தாகளோ."

பென்சிலால் ஒவ்வொன்றையும் அடுக்காக மாற்றி எழுதி, சரிபார்த்து, முப்பத்தொன்பதையும் மறுபடி வாசித்தேன்.

தேர்வு நாகமலை புதுக்கோட்டையில். கேள்வியை வாசித்து விடை எழுத ஒரு கல்லூரிப் பெண்ணைக் கொடுத்திருந்தார்கள். அவளும் என்னைப் போலவே வாசித்துவிடுவாளோ என்று வெளியே நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தேன்.

தேர்வு முடித்து வெளியே வந்தவளிடம் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"ரூட்டுன்னுதான் ஆரம்பிச்சுச்சு. அடுக்கா மாத்தி வாசிம்மான்னேன். நேரம் போயிருமேக்கான்னுச்சு. போனாப் போகுது, விடை வரணும்லன்னேன். நீங்க சாப்பிட்டீகளா?"

நான் சாப்பிட்டிருக்கவில்லை.

ஐம்பத்தெட்டு மதிப்பெண் வாங்கித் தேறினாள். என் தப்பைக் கண்ட அன்றே அவள் வேறு ஆளைத் தேடிப் போயிருக்கலாம். என்னையே திரும்ப வாசிக்கச் சொன்னாள். அதற்கு நான் நன்றிக்கடன் பட்டவன். என் கையிலிருந்து போனதெல்லாம் ஆட்டோவுக்கு ஐந்நூற்று அறுபது, மெமரி கார்டுக்கு முந்நூற்று நாற்பது, தொண்டை மிட்டாய்க்கு எண்பத்தைந்து. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து ரூபாய்.