அவர் கணக்கில் நான் அழுத்திய பொத்தான்

முதலாளி, அந்த மதுரைக்காரரின் வேலையைப் பறித்தது நீங்கள். தெரிந்தே பறித்தீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டின் இரண்டாம் மாடியில் நம் அலுவலகம். நான்கு பேர் கைப்பேசிச் செயலிகள் செய்தோம். நாங்கள் எழுதும் நிரலை இணையத்தில் ஒரு தளத்துக்கு அனுப்பினால், அது செயலியாகக் கட்டித் தரும். அந்தத் தளத்தில் நால்வருக்கும் ஒரே கணக்கு. மதுரைக்காரர் வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட்டில் வேலைக்கு வந்த முதல் வாரம் அவருடைய மின்னஞ்சலில் திறந்த கணக்கு அது. ஆளுக்கொன்று திறக்க எங்களுக்குச் சோம்பல். கடவுச்சொல் வெள்ளைப் பலகையின் ஓரத்தில் எழுதிக் கிடக்கும். யார் எதை அழுத்தினாலும் பதிவில் அவர் பெயர்தான் விழும்.

"எல்லாத்தையும் நீங்களே செய்றீங்க, நாங்க சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறோம் லா" என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையம். நோயாளிகளை வேனில் அழைத்து வருவார்கள். வேன் வாசலுக்கு வந்ததும் நோயாளியின் கைப்பேசி மணியடிக்க வேண்டும். அதற்கான செயலியை நாம்தான் செய்து கொடுத்திருந்தோம்.

கட்டித் தரும் தளம் புதிய பதிப்பை வெளியிட்டது. சில வாரங்களில் பழையதை நிறுத்தப்போவதாகவும் சொன்னது. மாற்றக் குறிப்புகள் நீளமாக இருந்தன. மதுரைக்காரர் முழுக்கப் படித்தார். நான் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

"அக்கா, நோட்டிபிகேஷன் பகுதியத் தனியாப் பிரிச்சுட்டாங்க. நாமதான் திரும்ப இணைக்கணும். இல்லன்னா செயலி ஓடும், மணி மட்டும் அடிக்காது. ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? நீங்க என்ன பாலமா கட்டுறீங்க?"

"பாலம் இடிஞ்சா சத்தம் கேக்கும்க்கா. இது கேக்காது."

வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போனார். நான் அவர் கணக்கில் நுழைந்து புதிய பதிப்புக்கு மாற்றினேன். எல்லாம் சரி என்று பச்சை அடையாளம் வந்தது. நோயாளிகளின் கைப்பேசிகளுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தவரிடம் சொல்லக்கூட இல்லை.

திங்கட்கிழமை கிள்ளானில் நான்காம் மாடி வீட்டில் நோயாளியான ஓர் அம்மா, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தார். கீழே வேன் நின்றது. மணி அடிக்கவில்லை. இன்று வரமாட்டார் போலிருக்கிறது என்று ஓட்டுநர் மற்றவர்களோடு போய்விட்டார். மறுநாள் மூச்சுத் திணறிய அந்த அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அது என் திறமையால் அல்ல.

செய்தி வந்த அன்றே உங்கள் அறைக்கு வந்தேன்.

"பாஸ், நான்தான் அழுத்தினேன். அவர் அப்ப பள்ளிவாசல்ல இருந்தாரு."

"பதிவுல யார் பேரு இருக்கு?"

"அவரு பேருதான். ஆனா நேரத்தப் பாருங்க பாஸ்."

"கிள்ளான்காரங்களுக்கு ஒரு பேரு குடுத்தாகணும். உனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது. அவன் பெர்மிட்காரன், ஊருக்குப் போய்ப் பொழச்சுக்குவான். நீ வாய மூடு."

மூடினேன். உங்களைத் திட்டுகிற எனக்கு அன்று வாய் எங்கே போயிற்று? அவருக்கும் ஊரில் ஒரு மகள் இருக்கிறாள். அது எனக்குத் தெரியும். காணொளியில் அவளோடு பேசியிருக்கிறேன்.

மேசையைக் காலி செய்தபோது அவர் என்னிடம் வந்தார். "அன்னைக்கு மதியம் யாரு அழுத்தினதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"பாஸ்கிட்ட பேசுறேன்" என்றேன். அது பதில் இல்லை. அவருக்கும் அது புரிந்தது. பெர்மிட்டை ரத்து செய்தீர்கள், அவர் ஊருக்குப் போய்விட்டார்.

போன வாரம் பங்சாரில் ஓர் அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். அவரை மறுபடி இங்கே வேலைக்கு எடுக்க நினைக்கிறார்களாம். "அந்த டயாலிசிஸ் தப்பு இவரோடதுன்னு உங்க பாஸ் சொல்றாரே?" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை, என்னுடையது என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்தவளை யார் நம்புவார்கள்? உண்மை உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவரை எடுப்பார்கள்.

வரும் ஞாயிறு கிள்ளான் மையத்தில் நோயாளிகளின் குடும்பங்கள் கூடுகின்றன. உங்களையும் அழைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் மகளும் வருகிறாள். நான் எழுந்து, அழுத்தியது நான் என்று சொல்லப்போகிறேன். அதற்கு எனக்கு என்ன கிடைத்தாலும் சரி. பிறகு உங்களைக் கேட்பேன்: அன்றே நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா? அறைக்குள் அழைத்துப் பேசுகிற வேலை வேண்டாம். அவர்கள் எல்லாரும் கேட்க, மதுரைக்காரரின் பெயரைச் சொல்லி, தப்பு அவருடையது இல்லை என்று பதில் சொல்லுங்கள்.