ரத்துச் செய்யப்படாத குளிசை

எனக்கு மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபின், இரத்தம் உறையாதிருக்க அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தந்தார்கள். பின்னர் கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் டிகாக்ரெலோர் என்ற புதுக் குளிசையை எழுதினார். "இப்ப பெரும்பாலும் இதைத்தான் குடுக்கிறம், ஐயா," என்றார்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். புதிய சுற்றறிக்கை பழையதை ரத்துச் செய்வதாகச் சொல்லாவிட்டால் இரண்டும் செல்லுபடியாகும் என்பது எங்கள் நடைமுறை. ஆகவே வீட்டில் மிஞ்சியிருந்த குளோபிடோகிரெலையும் சேர்த்தே விழுங்கினேன். கைகளில் அடிபடாமலே நீலம் பாரித்தது. என்னவென்று கேட்க ஆளில்லை. மனைவி இறந்துவிட்டாள், கனடாவிலுள்ள மகளுக்குத் தொலைபேசியில் தெரிவது என் முகம் மட்டுமே.

ஒருநாள் எங்கள் ஊரான முந்தலில், சலூனில் சவரம் செய்துகொள்ளும்போது சிறு கீறல் விழுந்தது. சலூன்காரர் நசார் படிகாரம் வைத்து அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை. என் கைகளையும் பார்த்துவிட்டார்.

"என்ன சேர் இது? ஊட்டுல பாக்க ஆருமில்லையா?"

"கண்ணாடி இருக்கு."

"கண்ணாடி கதைக்குமா, சேர்?" என்றவர், கடையைச் சாத்திவிட்டு என்னை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"ஒண்டுக்குப் பதிலாத்தான் மற்றது. மூளைக்குள்ள கசிஞ்சிருந்தா?" என்று கேட்ட அங்கிருந்த டொக்டர், குளோபிடோகிரெலை மட்டும் நிறுத்தினார்.

இப்போது புதுக் குளிசை தந்தால், பழையதில் எது நிற்கிறது என்று வாய்விட்டுக் கேட்கிறேன். வாரம் ஒருமுறை நசாரிடமும் போகிறேன். என் தலையில் வெட்ட ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பார்.