அண்ணன் விட்டுக்கொடுத்த கிணறு

அப்பா போன பிறகு நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டோம். கிணற்றைப் பிரிக்க முடியாதே. அண்ணனுக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று முறை வைத்தோம். ஆரணியில் தறிவேலைக்குப் போகலாம் என்றால் எனக்கு நெசவு தெரியாது. அந்தக் கிணறுதான் எனக்குச் சோறு. எழுபதுகள் முழுக்க முறை பிசகவில்லை. பயிர் வாடினாலும் அவன் நாளில் நான் மோட்டார் பக்கம் போகமாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை ஏமாற்றியது; கிணற்றில் ஊற்று சுருங்கியது. நெல்லுக்கு இறைத்தால் இரண்டு பேர் பயிரும் போய்விடும், கேழ்வரகோடு நிறுத்திக்கொள்வோம் என்று பேசினோம். கிணற்று மேட்டில் கற்பூரம் ஏற்றினோம். "இந்தக் கெணத்துத் தண்ணியில நெல்லு நட மாட்டேன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை அண்ணன் கையால் அணைத்தான். அவன் சொன்னதையே நானும் சொல்லி அணைத்தேன், மடையன்.

என் கேழ்வரகு வளர்ந்து வரும் சமயம், கிணற்றிலிருந்து இருபதடி தள்ளி, அவன் நிலத்தில் ஆழ்துளை போடும் போர் லாரி வந்து நின்றது. வீட்டுக்குக் குடிதண்ணீர் என்று நினைத்தேன். அடுத்த மாதமே நெல் நடவுக்கு ஆள் இறங்கியது. அவன் போர் ஓட ஓட, கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது.

நேரே அவன் வரப்பில் போய் நின்றேன்.

"இன்னாண்ணா இது? கற்பூரம் அணைச்சமே?"

"கெணத்துத் தண்ணிய நா தொட்டனாடா? இது போர் தண்ணி."

"ரெண்டும் ஒரே ஊத்துதானே?"

"பூமிக்கு அடியிலயும் வரப்பு போட்டு வெச்சிகினு இருக்கியா நீ?" என்று சிரித்தான். பிறகு நடவாட்கள் காதில் விழும்படி உரக்கச் சொன்னான்: "சரி, இனிமே என் முறையும் நீயே எடுத்துக்க. கெணறு முழுக்க உனக்கே."

அந்நியன் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கூடப் பிறந்தவன்; வரப்பை விட்டு இறங்கி நடந்தேன்.

கேழ்வரகுக் கதிர் பால் பிடிக்காமலே காய்ந்தது. அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனேன். நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊர் வண்டி ஒன்று அங்கே வந்தது. வண்டிக்காரர் மூட்டையை என் முதுகில் ஏற்றிவிட்டபடி சொன்னார்:

"உங்க அண்ணன மாரி யாருக்குங்க கெடைக்கும்? கெணத்தையே தம்பிக்கு வுட்டுக் குடுத்துட்டாரே."

முதுகில் இருந்தது அண்ணனின் நெல்.