கையைக் கொடு

என் பவுடர் டப்பாவில் ஊக்கு, உதிர்ந்த சட்டைப் பொத்தான், திருகாணி தொலைந்த ஒற்றைத் தோடு இவற்றோடு ஒரு சின்ன உலோகக் கொக்கியும் பல வருஷமாகக் கிடந்தது. சுளுக்குக்குச் சுற்றுகிற கிரேப் பேண்டேஜ் அவிழாமல் இருக்க முனையில் மாட்டுவார்களே, அதுதான். நடுவில் துளி ரப்பர், இரண்டு பக்கமும் கூர்மையான பற்கள். எங்கள் இராஜபாளையத்தில் இதையெல்லாம் யாரும் ஒரு பொருளாக மதிப்பதில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற தெருக்களில் வாசலைப் பெருக்கினால் குப்பையோடு வரும். நானும் எத்தனையோ கொக்கிகளை எறிந்தவள்தான். இந்த ஒன்றை மட்டும் எறியவில்லை. பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில், கடைசிக் குழிக்குப் பக்கத்துப் புல்லில், முட்டி போட்டுத் துழாவி எடுத்தது இது. அன்று காலையில் இதை என் நாத்தனாரின் இடது மணிக்கட்டில் மாட்டியவள் நான்.

நாத்தனார் என்று ஆரம்பித்தாலே கேட்கிறவர்களுக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும். அவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு வாய்த்தவள் என்னை ஒரு நாளும் படுத்தியதில்லை. பெண்கள் கோல்ஃபில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவள், வீட்டுக்கு வந்தால் நைட்டியைப் போட்டுக்கொண்டு எனக்கு வெங்காயம் உரித்துத் தருவாள். படுத்தியவள் நான்தான். அதுவும் அன்பாக, ஒரு சுருக்கம் விழாமல், அழகாகச் சுற்றிக் கட்டிப் படுத்தினேன்.

கோல்ஃபுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. என் மாமனார் ஒரு மில் முதலாளி வீட்டில் கார் ஓட்டியவர். ஒவ்வொரு கோடையிலும் அந்தக் குடும்பம் கொடைக்கானலுக்குப் போகும்போது சின்னப் பெண்ணாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு போவார். பெரியவர்கள் அடிக்கிற பந்துகளைப் பொறுக்கிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு நாள் விளையாட்டாக அவள் ஒன்றை அடித்துக் காட்ட, முதலாளியம்மா தெலுங்கில் "பாகுந்தி, பாகுந்தி" என்று கையைத் தட்டிவிட்டு, மறு வருஷமே தன் பழைய மட்டைகளில் நாலைந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். மட்டை வந்துவிட்டது, மைதானம் எங்கே? ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு கண்மாய். தண்ணீர் வற்றியதும் தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். காலையில் ஆடு மேய வருவதற்கு முன்னால் அப்பாவும் மகளும் அங்கே போய்விடுவார்கள். மெத்தென்ற புல்லில் பழகியவர்கள் பந்துக்குக் கொஞ்சம் பின்னால் அடித்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். கண்மாய்த் தரையில் அப்படி அடித்தால் மட்டை மண்ணில் மோதித் தோள் வரைக்கும் அதிரும். அந்த அதிர்ச்சிக்குப் பயந்தே பந்தை மட்டும் வழித்து எடுக்கப் பழகினாள். பின்னாளில் அவள் பந்தைத் தொடுகிற சுத்தத்தைப் பெரிய பெரிய பயிற்சியாளர்கள் புகழ்ந்தார்கள். எங்கே கற்றாய் என்று கேட்டால் கண்மாயில் என்பாள். அவர்கள் அதை ஏதோ கிளப்பின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிக்கு வாங்குகிறவர்கள் வந்தால் அவர்கள் முன்னால் கையிலும் முழங்காலிலும் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூட வேண்டும், இறுக்கம் ஒரே சீராக இருக்க வேண்டும், விரல் நுனி வெளுக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாதிருந்த வருஷங்கள் அவை. மாமியார் கேட்பார், மாமியாரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற முன்பின் தெரியாதவரும் இரண்டாவது நிறுத்தத்தில் கேட்பார், விசேஷம் ஒன்றும் இல்லையா என்று. அந்த நாளில்தான் நாத்தனார் தன் அண்ணனிடம், "மதினிய எங்கூட அனுப்புங்க, எனக்குப் பை தூக்க ஆள் வேணும்" என்று கேட்டாள். மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பில் அவரும் சரி என்றுவிட்டார். மருமகள் கேடியாகப் போகிறாள் என்று மாமியார் தெருவில் பெருமையாகச் சொல்லப் போய், அது கோல்ஃபில் மட்டைப் பை சுமக்கிறவருக்குப் பெயர் என்று வீடு வீடாக விளக்க வேண்டியதாயிற்று.

அந்த வருஷங்களைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது. பெங்களூர், கொல்கத்தா, டெல்லி என்று சுற்றினோம். விடியற்காலையில் பனி படிந்த புல்லில் அவளுக்குப் பின்னால் பையை இழுத்துக்கொண்டு நடப்பேன். காற்று எந்தப் பக்கம் என்று புல்லைக் கிள்ளிப் போட்டுச் சொல்வேன். மற்றப் பெண்கள் ஏதேதோ வெளிநாட்டு மிட்டாயைக் கடிக்கும்போது என் நாத்தனார் நான் ஊரிலிருந்து கட்டி வந்த பால்கோவாவில் ஒரு விள்ளல் வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு போட்டியாக ஜெயித்தாள். பேப்பரில் படம் வந்தது. எல்லாவற்றையும்விட, அந்த மைதானங்களில் ஒருவர்கூட என் வயிற்றைப் பார்த்துப் பேசவில்லை. காற்றைப் பற்றியும் தூரத்தைப் பற்றியும்தான் என்னிடம் கேட்டார்கள். பதில் தெரிந்த கேள்விகள்.

அந்தப் பெங்களூர்ப் போட்டி வருஷத்தின் கடைசிப் போட்டி. அதில் ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு நேரடியாக இடம். மூன்று நாள் ஆட்டத்தில் இரண்டாம் நாள் முடிவில் அவள்தான் முன்னால் இருந்தாள். ஆனால் அன்று மத்தியானத்திலிருந்தே இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. மைதானத்து டாக்டர் அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இப்போதே நிறுத்தி ஓய்வு கொடுத்தால் கூடிவிடும், இன்னும் பத்து வருஷம் ஆடலாம், நாளைக்கு அடித்து முழுதும் கிழிந்தால் அதற்குப் பிறகு தன்னால் எதுவும் சொல்ல முடியாது. ஆடுவதும் விடுவதும் உங்கள் முடிவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் விடுதி அறையில் ஐஸ் நிரப்பிய வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, நான் விளக்கைப் போட எழுந்தேன். அப்போதுதான் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க மதினி. வேண்டாம்னா இப்பவே பையக் கட்டிருவோம்."

பையைக் கட்டினால் மறுநாள் ரயில். அதற்கு மறுநாள் மாமியார், தெரு, பஸ், கம்பெனி, விசேஷம் உண்டா. அவள் கை கூடுகிற வரைக்கும் நானும் அங்கேதான். இதெல்லாம் எனக்குள் ஓடியது. ஓடவில்லை என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி பேசியிருப்பேன். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் பைக்குள் குனிந்து பேண்டேஜ் சுருளைத் தேடினேன்.

"கையைக் கொடு ஏட்டி" என்றேன்.

துடைத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொடுத்து வாங்கி, மணிக்கட்டில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். வாங்க வருகிறவர்கள் முன்னால்கூட அவ்வளவு நேர்த்தியாக நான் சுற்றியதில்லை. எழுந்து வெறுங்கையை வீசிப் பார்த்துவிட்டு, வலி தெரியவில்லை என்றாள். நல்லாக் கட்டினால் அப்படித்தான் என்று சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் மறுபடியும் கட்டி அழைத்துப் போனேன். கடைசிக் குழி வரைக்கும் தாக்குப்பிடித்தாள். அங்கே பந்து ஒரு மரத்தடியில், புல்லே இல்லாத கட்டாந்தரையில் போய் நின்றது. அந்த இடத்திலிருந்து யாராக இருந்தாலும் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளி வெளியே எடுப்பார்கள். அப்படி எடுத்தால் ஒரு அடி வீண், வெற்றி கை நழுவும். அவள் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கண்மாய். நான் இரும்பு மட்டையை உருவிக் கொடுத்தேன். பந்தை வழித்துத் தூக்கினாள், அது போய்க் குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. கையை வயிற்றோடு அணைத்தபடியே நடந்து போய், வலது கையை வைத்துச் சமாளித்துப் பந்தைக் குழிக்குள் தள்ளினாள். அதை எடுக்கக் குனிந்தபோது கொக்கி தெறித்து, பேண்டேஜ் முனை அவிழ்ந்து தொங்கியது. புல் வெட்டுகிற எந்திரத்தில் இரும்பு சிக்கினால் பாழாகிவிடும் என்று நான் பதறிப்போய்த் தேட ஆரம்பித்தேன். அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றிக்கு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும், ஓரத்தில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு புல்லில் எதையோ துழாவுகிறாள். அது நான்.

மதுரையில் அறுவை செய்தார்கள். வெளிநாட்டுக்கும் போனாள், ஆனால் அடிக்கிற பந்து முன்பு போன தூரம் போகவில்லை. இரண்டு வருஷம் போராடினாள். முன்பு அவளிடம் தோற்ற பெண்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் மட்டைகளைத் துடைத்து உறை போட்டு வைத்துவிட்டாள். அவள் கை போன அந்த இடைவெளியில்தான் எனக்கு மகள் பிறந்தாள். ஊர் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டது, நான் பயந்து ஓடிய காரணமே இல்லாமல் போயிற்று. நாத்தனார் இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் கற்றுக் கொடுக்கிறாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊருக்கு வந்தால் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பேசாமல் என்னிடம் நீட்டுவாள். மூடியைத் திருக இடது கை பிடி கொடுக்காது. நானும் பேசாமல் திறந்து கொடுப்பேன். எனக்குள் மட்டும் ஓயாமல் ஒரு வழக்கு நடக்கும். அவளாகத்தானே ஆட நினைத்தாள், நான் மறுத்திருந்தால் வேறு யாரையாவது வைத்துக் கட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று வாதாடி என்னை நானே விடுதலை செய்வேன். அவள் அடுத்த தடவை வந்து பாட்டிலை நீட்டுகிற வரைக்கும் அந்த விடுதலை செல்லும்.

போன மாதம் அவள் வந்திருந்தாள். என் மகள் ஓட்டப் பந்தயக்காரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுநாள் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. பயிற்சியில் கால் பிசகி, கணுக்கால் பணியாரமாக வீங்க, நொண்டிக்கொண்டு வந்தாள். நேரே என்னிடம் வந்து காலை மடியில் தூக்கி வைத்தாள். நீ கட்டினால் வலியே தெரியாதாமே அம்மா, கட்டிவிடு என்றாள். என் கை தானாகவே சுருளை எடுத்துவிட்டது. அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஓடவா வேண்டாமாம்மா, நீயே சொல்லு" என்று கேட்டாள்.

நாத்தனார் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கோபமும் இல்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னுதான் மதினி அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேன். நானா விட எனக்கு மனசு வரல. நீங்க சொன்னா விட்டுருவோம்னு இருந்தேன்."

என் வழக்கு அதோடு முடிந்தது. வாதாட ஒன்றும் மிச்சமில்லை. கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று நாத்தனார் எழுந்து போனாள். அதன் பிறகு நான் மகளைப் பார்த்து வேண்டாம் என்றேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் கெஞ்சினாள், அழுதாள், இத்தனை நாள் ஓடியது எல்லாம் வீணா என்று கேட்டாள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, ஓய்வுக்கு எப்படிக் கட்ட வேண்டுமோ அப்படிக் கட்டினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாத்தனாரைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டினாள், திறந்து கொடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவைத் திறந்து அந்தக் கொக்கியை எடுத்து இழுத்துப் பார்த்தேன். ரப்பர் எப்போதோ காய்ந்துபோயிருக்கிறது, இரண்டாக அறுந்து கையில் வந்துவிட்டது. இரண்டு துண்டையும் டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினேன். மகள் இன்னும் அதே சுவரைப் பார்த்தபடிதான் படுத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். தட்டை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பிள்ளையின் கோபத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான் அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்டது.